புஸ்ஸண்ணனின் மூச்சு வகுப்பு

ஊரில் யார் வேகமாக மூச்சு விடலாம், யார் விடக்கூடாது என்று முடிவு செய்யும் முழு அதிகாரமும் புஸ்ஸண்ணனிடம்தான் இருந்தது. எங்கள் ஊரான திகாம் பத்துவில் அவருக்கு டயர் கடை. சனி, ஞாயிறு காலை ஏழரைக்குப் பொது மண்டபத்தில் கபாலபாதி என்னும் வேகமூச்சு வகுப்பு. இரண்டு இடத்திலும் 'புஸ், புஸ்' என்ற சத்தம்தான். சொந்தப் பெயர் என்னவென்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

மண்டப வாசலில் சுங்கச் சோதனை அதிகாரி மாதிரி நிற்பார்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"கொஞ்சம் நாசி லெமாக், அண்ணே."

"தக் போலே! கூடாது. வெறும் வயித்தோட வாங்க."

குடலிறக்க ஆபரேஷன் முடித்த கையோடு பாலிங்கிலிருந்து பஸ் பிடித்து வந்தவரையும் அப்படித்தான் திருப்பி அனுப்பினார். மாசமாக இருந்த டீச்சரைத் தனியாக உட்கார வைத்து, மெதுவாக மூச்சு விடச் சொன்னார்.

நான் பொய் சொல்லி உள்ளே போனவள். இரண்டு ரொட்டி சானாய் வயிற்றில் இருக்க, பக்கத்துப் பெண்ணை முந்திவிட வேண்டும் என்று தோளெல்லாம் குதிக்க ஊதித் தள்ளினேன். அறுபது எழுபது தடவை இருக்கும். மண்டபம் சுழன்றது. அந்தப் பெண்ணின் மடியிலேயே சாய்ந்துவிட்டேன்.

"எல்லாரும் நிறுத்துங்க! தங்கச்சி, ஒண்ணும் பண்ணாத. சும்மா சாதாரணமா மூச்சு விடு."

கண் தெளிந்ததும் கேட்டார்: "எத்தன ரொட்டி?"

"ரெண்டுண்ணே."

திட்டவில்லை. "இது கார் ரேஸ் இல்ல லா. வயித்த உள்ள இழுத்து மூக்கு வழியா காத்த வெளிய தள்ளு. உள்ள வர்ற காத்து தானா வரும். தோள் ஆடக்கூடாது. இருபது போதும், அப்புறம் ரெஸ்ட். தல சுத்துனா அன்னிக்கு வகுப்பு முடிஞ்சிச்சு." அன்று எனக்கு முடிந்தது.

என்னால் அவருக்குப் பயம் வந்துவிட்டது போலும். அடுத்த வாரமே இரத்த அழுத்தம் பார்க்கும் மிஷின் ஒன்றை வாங்கி வந்தார். எப்படிப் பார்ப்பது என்று காட்டத் தன் கையிலேயே பட்டியைச் சுற்றினார். எண்ணைப் பார்த்தவர் முகம் மாறியது.

"மிஷின் ரோசாக்."

எங்களுக்குப் பார்த்தார். எல்லோருக்கும் சரியாக இருந்தது. கெட்டுப்போனது மிஷின் இல்லை. மறுபடி அவருக்குப் பார்த்தபோது எண் முன்பைவிட இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. பட்டியை மெதுவாகக் கழற்றிவிட்டு, "நான் இன்னிக்குச் செய்யக்கூடாது," என்று சொல்லி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, வேகமூச்சு கூடவே கூடாது என்றார்கள். பத்து வருஷமாக ஒரு நாளும் விடாமல் செய்தவர். எங்களுக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, ஒரு பத்து மட்டும் செய்ங்கண்ணே. யாருக்குத் தெரியப் போவுது?"

"ஒங்களுக்குத் தெரியும்ல? அப்புறம் நான் சொன்னா எவன் கேப்பான்?"

அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷம் வகுப்பு நடந்தது. நாங்கள் 'புஸ், புஸ்' என்று ஊத, அவர் நாற்காலியில் கண்மூடி மெதுவாக மூச்சு விட்டபடி விரலில் எண்ணுவார். இருபதானதும் கை உயரும்.

போன வருஷம் கடையைக் கொடுத்துவிட்டு பினாங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் போன் போடுவேன். நலம் விசாரிப்பதற்கு முன்பே அன்றைய இரத்த அழுத்தத்தைச் சொல்லிவிடுவார். அதை எங்கள் சமையலறைக் காலண்டரில் எழுதி வைத்த பிறகுதான் எனக்கு மற்ற வேலை ஓடும்.