‘அவருக்கு’ என்று எழுதிய பாட்டில்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. ‘இங்கே நான் நலம்’ என்றுதான் ஆரம்பித்தேன். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவன் தெரிந்தே ஒரு பிழையை விடக் கூடாதென்று அந்த வரியை அடித்துவிட்டேன். அங்கே உங்கள் மூட்டுவலியும் அக்காவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் தங்கை எங்கள் மகளின் பிரசவத்துக்குப் போய் இன்றோடு பத்தொன்பது நாள். “கடையில வாங்கிச் சாப்பிடுங்க, அடுப்படியில கைய வெக்காதீங்க”ன்னு சொல்லிட்டுத்தான் போனா. நான் கேட்டேனா? போன மாதம்தான் ஓய்வு பெற்றேன், கை சும்மா இருக்குமா? முதல் நாள் உருளைக்கிழங்கில் ஒரு பிடி கிராம்பைப் போட்டு, நாக்கு மரத்துப்போய், பால்காரரிடம் விரலைக் காட்டிப் பால் வாங்கினேன். மறுநாள் முட்டையில் புதினாவும் ஜாதிக்காயும். சாப்பிட்டு முடித்தால் பல் தேய்த்த மாதிரி இருந்தது. எல்லாம் என் தப்பு இல்லை மச்சான். உங்கள் தங்கை ‘சர்க்கரை’ என்று எழுதிய டப்பாவில் சீரகம் இருக்கிறது, ‘டீத்தூள்’ டப்பாவில் மல்லித்தூள். மல்லித்தூளில் டீ போட்டுக் குடித்தவன் நான். மனசு கேட்காமல் எல்லாவற்றுக்கும் சரியான பெயர் எழுதி ஒட்டினேன்.

அப்போதுதான் மேல்தட்டில் அந்தச் சின்ன பாட்டிலைப் பார்த்தேன். கறுப்பாக ஏதோ இலைத்தூள். ‘அவருக்கு’ என்று அவள் கையெழுத்து. என் பேரை வாய்விட்டுச் சொல்லாதவள், எனக்கென்று ஆசையாக எடுத்து வைத்திருக்கிறாள் என்று கண் கலங்கிவிட்டது. பீன்ஸில் ஒரு ஸ்பூன் போட்டேன். அடடா, அப்படி ஒரு ருசி! அஞ்சு நாள் எல்லாத்துலயும் அதையே போட்டேன், பாட்டில் காலி.

அந்த ஐந்தாம் நாள் மத்தியானம் சாப்பிடும்போது எதிர் நாற்காலி லேசாக நகர்ந்தது. “உப்பு கொஞ்சம் கம்மி” என்று யாரோ மரியாதையாகச் சொன்னார்கள். “நாளைக்குப் பாத்துக்கலாம்”னு சொல்லிட்டு அப்புறம்தான் தூக்கிவாரிப் போட்டது. கழுவப் போனால் இரண்டு தட்டு கிடக்கிறது. உடனே உங்கள் தங்கைக்கு போன் போட்டேன்.

“அதையா எடுத்தீங்க? அது உங்களுக்கு இல்லீங்க. அவருக்கு.”

“நான்தானே அவரு?”

“நீங்க ‘இவரு’. கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்கள நான் இவருன்னுதானே சொல்றேன்?” என்றாள், என்னவோ நான்தான் இலக்கணம் தெரியாதவன் மாதிரி. “அவரு இந்த வீட்டுல நமக்கு முன்னாடியே இருக்கறவரு. நீங்க அச்சகத்துல சாப்பிட்ட நாளெல்லாம் அவருக்கு ஒரு தட்டு வெச்சு, அதுல ஒரு சிட்டிகை தூவுவேன். சாப்பிட்டுட்டு அவரு பாட்டுக்கு இருப்பாரு. இப்ப அவரு பங்க நீங்க சாப்பிட்டுட்டீங்களே! இனிமே யாரு யாருன்னு அவருக்கே குழம்பிடுமே!”

குழம்பித்தான் போச்சு மச்சான். இப்போதெல்லாம் என் நாற்காலியில் உட்காரப் போனால் சூடாக இருக்கிறது. நான் எதிர் நாற்காலியில் உட்காருகிறேன். நேற்று என் கண்ணாடி காணவில்லை; இல்லாமலே எனக்கு நன்றாகத் தெரிகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. பால்காரர் இன்று என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, “அரை லிட்டர்தானே சார்?” என்று கேட்டார். நான் நானாகவே இருக்க வேண்டும், வேறு ஆசை இல்லை. என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். தயவுசெய்து உடனே கிளம்பி வந்து, வாசலில் நின்று நாலு பேர் கேட்க என்னை அப்படிக் கூப்பிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்போதைக்கு இன்னமும்,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள், வர வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கையே வந்துவிட்டாள். கதவைத் திறந்தேன். முகமெல்லாம் சிரிப்பு. “அட, நீங்களா? இத்தனை வருஷம் சோறு போட்டேன், இன்னைக்குத்தான் முகம் காட்டணும்னு தோணிச்சா?” என்று என்னைக் கேட்டாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, “இவரு எங்க?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், என் நாற்காலியிலிருந்து, என் குரலிலேயே, “இதோ இருக்கேம்மா” என்று பதில் வந்தது.