பதினொரு ஜோனாஸ்

வம்சம் தேடி என்று ஓர் இனம் உண்டு. உலகமெங்கும் உண்டு என்றாலும், கனடாவில் வின்னிபெக் ஏரிக்கரையில் எங்கள் கிம்லி ஊரில் இந்த இனம் செழிப்பதுபோல் வேறெங்கும் செழிப்பதில்லை. தண்ணீர்தான் காரணம் என்பார் சிலர். ஆறு மாதம் பனியில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் மனிதன் எதையாவது தேடத்தானே செய்வான் என்பது என் கட்சி.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வயது அறுபதுக்கு மேல். ஓய்வூதியம் உண்டு. ஜூலை மாத வெயிலிலும் ஐஸ்லாந்துக் கம்பளிச் சட்டை, அக்குளில் தலையணை தடிமனுக்கு ஒரு கோப்பு. துறைமுகத்துக்கு எதிரே உள்ள காப்பிக் கடையில் ஜன்னலோர மேசை இவருக்கு. புதிதாக யாராவது உள்ளே நுழைந்தால், காப்பி வாங்க விடுவாரா? "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று ஆரம்பிப்பார். நீங்கள் அப்பா பெயரைச் சொல்ல வேண்டும், பாட்டன் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் எந்தப் பண்ணையிலிருந்து எந்தக் கப்பலில் வந்தார் என்று சொல்ல வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு மனத்துக்குள் நாலைந்து கல்யாணம், இரண்டு மறுமணம், ஒரு படகு விபத்து எல்லாவற்றையும் தாண்டிப் போய்த் திரும்பி வருவார். நீங்கள் டாக்டராகவோ நீதிபதியாகவோ இருந்தால் மூன்றே நிமிடத்தில் அவருக்குச் சொந்தம். போன வருடம் ஜெயிலுக்குப் போய் வந்தவர் என்றால், "அது வேற குடும்பம்."

எங்கள் ஊரில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஹார்வி பியார்னசன். தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் அடுத்தவர் முகவரிகளைப் படித்துக் கழித்தவர். ஓய்வுபெற்ற மறுவாரமே தம் முகவரியைத் தேடக் கிளம்பிவிட்டார்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் முன்னோர் விட்டுவந்த ஐஸ்லாந்தில் குடும்பப் பெயர் என்பது கிடையாது. பியார்னிக்குப் பிறந்தவன் பியார்னசன். அவன் பெயர் ஜோனாஸ் என்றால் அவனுக்குப் பிறந்தவன் ஜோனாசன். அப்பன் பெயரோடு சரி, அடுத்த தலைமுறைக்கு வேறு. பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்தைச் சுமக்கும் உங்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் கனடா அதிகாரிகளுக்குத் தலை சுற்றிவிட்டது. அன்றைக்கு யார் எந்தப் பெயரோடு வரிசையில் நின்றார்களோ, அந்தப் பெயரே அவர்கள் சந்ததி முழுவதற்கும் என்று எழுதி முடித்துவிட்டார்கள். இப்படித்தான் ஹார்விக்குப் பியார்னசன் என்ற பெயர் வந்தது. மீன்பிடிக்கிற லாருசுக்கும் அதே பெயர்தான் வந்தது.

இதில்தான் ஹார்வியின் தொல்லை. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும், "நீங்க லாருசுக்கு அண்ணன் தம்பியா?" என்று கேட்டுத் தொலைத்தார்கள். லாருஸ் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் சட்டையில் மீன் வாடை. ஹார்வி நிதானமாக விளக்குவார்: "ஒரே பேருங்கறதுல ஒண்ணுமே இல்ல, தம்பி. அங்க எந்தப் பியார்னிக்குப் பொறந்தாலும் பியார்னசன்தான். அவங்க வேற, நாங்க வேற. ரத்தத்துல ஒரு சொட்டு சம்பந்தம் கிடையாது." இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹார்வி தம் ஆராய்ச்சியில் சொன்ன ஒரே சரியான வாக்கியம் அதுதான்.

ஆராய்ச்சி ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக் வரை போனது. கொள்ளுத்தாத்தா ஜோனாஸ் பியார்னசன் பிறந்த இடத்தை ஹார்வி அங்கே ஆவணக் காப்பகத்தில் ஒன்பது நாள் தேடினார். அந்த வயதில், அந்தப் பெயரில், வடக்குப் பகுதியில் மொத்தம் பதினொரு ஜோனாஸ் இருந்தார்கள். பதினொருவருக்கும் அப்பன் பெயர் பியார்னி. சாதாரண மனிதன் இதோடு ஊர் திரும்பியிருப்பான். வம்சம் தேடி அப்படியா? ஒருவன் எடுபிடி வேலை செய்த குடியானவனின் மகன், வேண்டாம். ஒருவன் ஆடு திருடி அபராதம் கட்டியவனின் மகன், கூடவே கூடாது. இன்னொருவனின் அப்பா பெரிய நிலக்கிழார், தேவாலயத்தில் முன்வரிசைக்காரர், ஆயிரம் வருடத்துக்கு முன் முதல் கப்பலில் வந்திறங்கிய கோடரி கிரிமூர் என்ற தலைவனின் நேர் வாரிசு. இப்படி நல்ல அப்பாவாகப் பார்த்து ஒரு ஜோனாசை எடுத்துக்கொண்டார்.

காப்பகத்துப் பெண்மணியிடம் இதைச் சொல்லியும் இருக்கிறார். அவள் சிரிக்காமல் பதில் சொன்னாளாம்: "கோடரி கிரிமூரா? ரொம்ப சந்தோஷம் சார். அவருக்குச் சொந்தமில்லாத ஒரே ஒரு ஆள் இந்த நாட்டுல இருக்காரான்னு நாங்களும் தேடிட்டுதான் இருக்கோம்." ஹார்வி இதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டு, ஒரு வயல்வெளியில் கிடந்த கற்குவியலைத் தம் பூர்வீக மாளிகை என்று படமெடுத்துக்கொண்டு வந்தார். அது இன்றைக்கும் அவர் வீட்டு நடுக்கூடத்தில் தொங்குகிறது.

அவர் மனைவி லொரேன் உக்ரேனியர் வீட்டுப் பெண். "எங்க தாத்தா ரயிலை விட்டு எறங்கினாரு, உருளைக்கிழங்கு நட்டாரு, செத்துப்போனாரு. எங்க குடும்ப வரலாறு அவ்வளவுதான். இவரு என்னடான்னா செத்தவங்களுக்கெல்லாம் காலைலயே காப்பி போடச் சொல்றாரு," என்பாள்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஹார்வி வினார்த்தெர்தா தருவார். உலர்ந்த பிளம்பழ விழுது வைத்து அடுக்கிய எங்கள் கேக். ஏழு அடுக்கு இருக்க வேண்டும். ஆறு என்றால் கலப்பு. மேலே சர்க்கரை பூசுகிறவர்களைப் பற்றி அவர் பேசவே மாட்டார். லாருஸ் வீட்டில் சர்க்கரை பூசுவார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிதான். வினை போன வருடம் ஜூன் மாதம் வந்தது. ஆகஸ்ட் ஐஸ்லாந்தர் திருநாளுக்கு ஹார்வி தம் கொள்ளுத்தாத்தாவின் வாரிசுகள் நாற்பத்திரண்டு பேரைக் கனடா முழுவதிலுமிருந்து வரச் சொல்லி அழைத்திருந்தார். வருகிறவர்கள் கல்லறையைப் பார்க்க வேண்டாமா? அங்கேதான் சிக்கல். ஜோனாஸ் படுத்திருப்பது லாருஸ் குடும்பத்து வரிசையில், லாருசின் கொள்ளுத்தாத்தா கிஸ்லிக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். கோடரி கிரிமூரின் வாரிசு மீனவர்களுக்கு நடுவே! ஹார்வி கல்லறைத் தோட்டக் குழுவுக்கு மனு எழுதிவிட்டார். என் கொள்ளுத்தாத்தா தவறுதலாக அந்நியக் குடும்பத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்; அவரைத் தோண்டியெடுத்து மேட்டுப்பக்கம் தனியாக வைக்க அனுமதி வேண்டும்; சுற்றிப் போட இரும்புக் கம்பங்களும் சங்கிலியும் நானே வாங்கி வைத்திருக்கிறேன்.

குழுவின் செயலாளர் அடியேன். ஐனார் என்று பெயர். தேவாலயத்தின் பழைய பதிவேடுகள் என் பொறுப்பில் இருக்கின்றன. ஐஸ்லாந்து மொழியில் அந்தக் கோழிக்கிறுக்கலைத் தட்டுத்தடுமாறிப் படிக்கவும் வரும். ஹார்விக்கு அந்த மொழியில் காப்பி, கேக், நன்றி ஆகிய மூன்றும் தெரியும். வம்சம் தேடிக்கு அதற்கு மேல் தேவைப்படுவதில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் கூடினோம். ஹார்வியோடு லொரேனும் வந்திருந்தாள். தலைவி ஹெர்டிஸ் அம்மாள் மனுவைப் படித்துவிட்டு, "லாருஸ், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். லாருஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"தோண்ட வேணாம்மா. அவ்வளவுதான் நான் கேக்கறது."

"காரணம்?"

"காரணம்னு ஒண்ணுமில்ல. அவரு அங்கயே இருக்கட்டும்."

"பாத்தீங்களா!" என்றார் ஹார்வி. "காரணமே இல்லைங்கறாரு. எங்க ஆளைப் பிடிச்சு வச்சுக்கிட்டா இவங்களுக்கு ஒரு பெருமை."

"சண்டை வேணாம்," என்றார் ஹெர்டிஸ் அம்மாள். "விதி இருக்கு. ஒருத்தரை எடம் மாத்தணும்னா அவரு எந்தக் குடும்பம்னு பதிவேட்டுல பாக்கணும். ஐனார், மொத வருஷத்துப் புத்தகத்தை எடுங்க."

"எடு, எடு! நானே கேக்கணும்னு இருந்தேன்," என்றார் ஹார்வி.

நான் அலமாரிப் பக்கம் போனேன். லாருஸ் பின்னாலேயே வந்தார். "ஐனார், அதை எடுக்காதய்யா," என்றார் மெதுவாக. ஆனால் அந்தக் கூடத்தில் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது.

"என்ன லாருஸ், பயமா இருக்கா?" என்று ஹார்வி கேட்டார்.

"ஆமாய்யா," என்றார் லாருஸ். "பயமாத்தான் இருக்கு. மனுவை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போ ஹார்வி. உன் நல்லதுக்குச் சொல்றேன்."

வீட்டுக்குப் போகச் சொன்னால் போகிற இனமா அது? நான் புத்தகத்தைத் திறந்தேன். எங்கள் ஆட்கள் வந்த இரண்டாவது குளிர்காலத்தில் ஊரில் பெரியம்மை புகுந்தது. வீடு வீடாகப் பிணம் விழுந்தது. அந்தக் குளிர்காலம் முடிந்ததும், ஒவ்வொரு குடிசையிலும் யார் போனார்கள், யார் மிச்சம் என்று பாதிரியார் எழுதிவைத்த பக்கம் அது. வரி வரியாக நான் படிக்க, ஹார்வி கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றித் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"பியார்னி, மீனவர், வயது முப்பத்தெட்டு. மனைவி குட்ரூன். மகன் கிஸ்லி, வயது ஐந்து. இன்னொரு மகன், வயது மூன்று, பெயர் அடிக்கப்பட்டிருக்கு, அம்மையில போயிட்டான். அடுத்தது..." நான் வரியில் விரலை வைத்து இன்னொரு முறை பார்த்தேன். "அடுத்தது ஜோனாஸ், வயது நாலு. எடுத்து வளர்க்கிற பிள்ளை. தகப்பன் தோர்லாகூர், கூலியாள், அம்மையில இறந்தவர். தாயும் அப்படியே."

பேனா எழுதவில்லை.

தன் பிள்ளையைக் குழியில் வைத்த கையோடு, பெற்றோர் இருவரும் செத்துக் கிடந்த பக்கத்துக் குடிசையிலிருந்து இன்னொருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் அந்த மீனவர். வழக்கப்படி அந்தப் பையன் தோர்லாக்சன் என்றுதான் இருக்க வேண்டும். பெயர் கேட்ட அதிகாரியிடம் அவன் வளர்ந்து நின்று, பியார்னசன் என்று சொல்லியிருக்கிறான். பெற்றவன் பெயரைச் சொல்லாமல் வளர்த்தவன் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

ஹார்வி பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்த நிலக்கிழாரு?"

"அவரு பிள்ளையை வேற யாராவது தேடிட்டு இருப்பாங்க. விடுங்க," என்றாள் லொரேன்.

ஹார்வி லாருஸ் பக்கம் திரும்பினார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அப்பா சொல்லியிருக்காரு."

"இத்தனை வருஷமா காப்பிக் கடையில ஒக்காந்துகிட்டு உன்னை வேற குடும்பம், வேற குடும்பம்னு சொல்லிட்டு இருக்கேன். கேட்டுக்கிட்டு சும்மா இருந்தியே!"

லாருஸ் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "வேற என்ன பண்றது? எங்க வீட்டுப் பிள்ளை அவரு. வீட்டுப் பிள்ளையோட கொள்ளுப்பேரனைப் பாத்து, நீ வெளிய இருந்து வந்தவன்னு சொல்லிக்காட்டறதா? எங்க அப்பா செருப்பாலயே அடிச்சிருப்பாரு. கிஸ்லியும் அவரும் ஒரே போர்வையில படுத்து வளந்தவங்க, ஹார்வி. இப்பவும் பக்கத்துல பக்கத்துல படுத்திருக்காங்க. அதைத்தான் பிரிக்க வேணாம்னேன்."

ஹார்வி மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவர், ஆறு வாரம் காப்பிக் கடைப்பக்கம் வரவில்லை. ஜன்னலோர மேசை காலியாகக் கிடந்தது. புதிதாக வந்தவர்கள் யாரும் கேள்வி கேட்காமல் காப்பி கொடுத்ததைக் கண்டு இது என்ன ஊர் என்று விழித்தார்கள்.

ஆகஸ்ட் வந்தது. நாற்பத்திரண்டு வாரிசுகளும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்கள். இரும்புக் கம்பங்கள் நடப்பட்டிருந்தன, சங்கிலியும் கட்டியிருந்தது. ஆனால் மேட்டில் அல்ல. பியார்னி, குட்ரூன், கிஸ்லி, ஜோனாஸ், பெயர் அடிக்கப்பட்ட அந்தக் குழந்தை, லாருசின் அப்பா, அம்மா எல்லாரையும் உள்ளே வைத்து ஒரே வேலி. கம்பங்கள் போதாமல் ஹார்வி மறுபடி வாங்கியிருந்தார். லாருசைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தி, "இவரு எங்க அண்ணன். பேரு இவங்க வீட்டுது. நாங்க வாங்கிப் போட்டுக்கிட்டோம்," என்று கூட்டத்துக்குச் சொன்னார். பிறகு, லாருஸ் வீட்டிலிருந்து வந்த, மேலே வெள்ளை வெளேரென்று சர்க்கரை பூசிய வினார்த்தெர்தாவில் ஒரு பெரிய துண்டை எல்லார் முன்னாலும் தின்றார். முகம் சுளிக்கவில்லை. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கடைவாயில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்தபடி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஐனார், அந்தத் தோர்லாகூர் இருக்காரே..."

"கூலியாள் ஹார்வி. பதிவேட்டுலயே இருக்கு."

"அது பாதிரியார் அவசரத்துல எழுதினது. ரெய்க்யவிக்குக்குக் கடிதம் போட்டிருந்தேன். அந்த வயசுல ஏழு தோர்லாகூர் இருக்காங்களாம். அதுல ஒருத்தரு..." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பிஷப்போட பேரன்."

இந்த இனத்துக்கு மருந்து கிடையாது. எனக்குத் தெரியாதா? அன்று கூட்டம் முடிந்து பதிவேட்டை அலமாரியில் வைக்குமுன் அதே புத்தகத்தில் என் வீட்டுக் குடிசைக்கான பக்கம் தானாகப் புரண்டு வந்தது. படிக்காமல் மூடிவிட்டேன். படிக்காதவரை நானும் கோடரி கிரிமூரின் வாரிசுதானே!

உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்தவரிடம் "சார் எந்த ஊரு? ஊருல எந்தத் தெரு? அந்தத் தெருவுல யாரு வீடு?" என்று நீங்கள் கேட்பது வெறும் பேச்சுத் துணைக்குத்தான். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, "ஆனா எங்க கொள்ளுத்தாத்தா நிஜமாவே அரண்மனையில..." என்று மனத்துக்குள் ஆரம்பித்தீர்களே, அதுகூட வேறு குடும்பமாகத்தான் இருக்கும்.