அடுத்த கூடாரத்துக் கொழுக்கட்டை

எடையை ஜெயித்துவிட்டேன்! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கதையை அப்புறம் கேளுங்கள்.

ஜூன் மாதம் ஆடுகளோடு மேய்ச்சல் மலைக்கு ஏறியபோது என் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. ஆடு நிறுக்கும் தராசில் என்னை ஏற்றிப் பார்த்தவள் என் மனைவி பூபுசாரா. என் குதிரை தோரு என்னைக் கண்டாலே பின்வாங்க ஆரம்பித்திருந்தது.

"ஆகஸ்ட் குதிரைப் பந்தயத்துக்குள்ள நூறுக்குக் கீழ வரணும். இல்லைன்னா தோரு என் தம்பிக்கு!"

அந்த ஒல்லிப்பிச்சானுக்கா! பனியில் பிறந்த தோருவை என் கோட்டால் போர்த்திக் காப்பாற்றியவன் நான்.

"என் மேல தப்பில்லைடி. டாக்டரம்மா என்ன சொன்னாங்க? குடலுக்குள்ள கோடிக்கணக்குல கிருமி. கொழுப்பும் சர்க்கரையும் தின்னு பழகின கூட்டம் உடம்பை ஊத வைக்குதாம். நான் என்ன பண்ணுவேன்? இத்தனை கோடி பேருக்குச் சோறு போடுற குடும்பஸ்தன்!"

"நாருள்ளதாத் தின்னா நல்ல கூட்டம் பெருகும்னும் சொன்னாங்களே. அது காதுல விழலையா?"

மறுநாளிலிருந்து தட்டில் அவித்த முட்டைக்கோஸ். உப்புகூடக் கிடையாது. நாய்க்கு வைத்தேன். அது முகர்ந்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. எங்கள் பக்கம் ஒரு கூடாரத்துக்குள் நுழைந்தால் ரொட்டியாவது பிட்டுத் தின்னாமல் வெளியே வரக்கூடாது. வைத்ததை மறுத்தால் அந்த வீட்டுக்கே அவமானம். மரபை மீற நான் யார்? ஓடைக்கு அந்தப் பக்கம் அண்டைவீட்டுக்காரி துர்சுனையின் கூடாரம். தினமும் மூன்று வேளை நலம் விசாரிக்கப் போனேன்.

"வாங்கண்ணே! ஆடு அறுக்கலை. இருக்கறதைச் சாப்பிடுங்க."

தவிட்டு ரொட்டி. பயறும் கேரட்டும் பொதிந்த கொழுக்கட்டை. புளித்த பார்லிக் கஞ்சி. கொழுப்பு மருந்துக்குக்கூட இல்லை. ஆனாலும் திருட்டுச் சாப்பாட்டின் ருசியே தனி! வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, மனைவி முன்னால் பசியில் முனகுவேன். "ஐயோ பாவம்" என்பாள். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

பந்தயத்துக்கு முதல் நாள் தராசில் ஏறினேன். தொண்ணூற்றெட்டு!

ஓடிப்போய்த் தோருவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். ஒரே தாவலில் ஏறினேன். அது பின்வாங்கவில்லை! அந்தக் குஷியில் வாய் சும்மா இருக்குமா?

"பூபுசாரா! உன் முட்டைக்கோஸ்ல ஒரு துண்டுகூட நான் தின்னலை! ரெண்டு மாசமா துர்சுனை வீட்டுல வயிறு முட்டத் தின்னேன்! எப்படி நம்ம சாமர்த்தியம்?"

அவள் ஓடைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"துர்சுனை! வேலை முடிஞ்சிருச்சு. என் கொழுக்கட்டைப் பானையைக் கொண்டு வந்துடு!"

பானை வந்தது. மூடியில் கம்பிப் பிடி. போன வருஷம் நானே சுற்றிக் கொடுத்த கம்பி.

"அவ்வளவும்... நீ சமைச்சதா?"

"பின்னே? நான் வச்சா நீங்க தின்னிருப்பீங்களாக்கும்!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகவா இவ்வளவு பாடுபட்டே?"

"உங்களுக்கு யாரு சமைச்சா? உங்க குடல்ல இருக்கற அதுங்களுக்குச் சமைச்சேன். இந்தக் குடும்பத்துல என் பேச்சைக் கேக்கறது அதுங்க மட்டும்தான்."