மாப்பிள்ளைக் காருக்கு வந்த காய்ச்சல்

அன்புள்ள அண்ணைக்கு,

அளவெட்டியிலிருந்து தம்பி தம்பிராசா எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கு யாவரும் சுகம். லண்டன் குளிரில் தாங்களும் மச்சாளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் தாங்கள் நடுவிலே ஏசத் தொடங்குவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

மகன் கீர்த்திகனின் கலியாணம் சிறப்பாக நடந்தது. ஆனால் மாப்பிள்ளையை ஏற்றிப்போன தங்கள் ஒஸ்ரின் கார் பாதிவழியில் கொதித்துவிட்டது. ஓட்டியவன் நான்தான், என்றாலும் என்னில் துளிப் பிழையும் இல்லை. முதல் குற்றவாளி நாதஸ்வரக்காரர். நாதஸ்வரத்துக்குப் பேர்போன அளவெட்டியிலே மேளத்தை முந்திப் போக ஆருக்குத் துணிவு வரும்? சந்திக்குச் சந்தி நின்று ஒரு ராகத்தை எடுத்தால் முடித்துத்தான் நகருவார்கள், கார் பின்னாலே முதலாம் கியரில் ஊர்ந்து வர, மேலே நெருப்பு வெயில். அடுத்தது என் மனுசி பூரணம். காரின் முகம் முழுக்க மாலையைக் கட்டி ரேடியேற்றருக்குக் காத்தே போகாமல் செய்துவிட்டா. மூன்றாவது எங்கடை கிணறு. சுண்ணாம்புத் தண்ணி, தேத்தண்ணிக் கேத்திலுக்கையே ஓடு கட்டுது, ரேடியேற்றர் குழாயை விடுமே?

மண்டபத்துக்கு இன்னும் ஒரு மைல் தூரம் இருக்கேக்கை பொனற்றாலை ஆவி கிளம்பிச்சுது. முகூர்த்தம் முடிய அரை மணித்தியாலம்தான் கிடந்தது. நடுவழியிலை வாகனம் மாத்தினால் கூடாது எண்டு பின்சீற்றிலை இருந்த சின்னாச்சி மாமி ஒரே பிடி. கீர்த்திகன் தலைப்பாகையோடை அழுமாப்போலை, "அப்பா, தயாளினி மண்டபத்திலை காத்துக்கொண்டிருப்பாள், நான் ஓடப்போறன்" எண்டான். மாப்பிள்ளை ஓடினால், எந்தப் பக்கம் ஓடுறான் எண்டு ஊருக்கு எப்பிடித் தெரியும்? நான் ரேடியேற்றர் மூடியைத் திறக்கப்போக, மாப்பிள்ளைத் தோழனாய் வந்த பொம்பிளையின்ரை தம்பி டினேஸ் பாய்ஞ்சு கையைப் பிடிச்சான். "மாமா, கொதிக்கேக்கை திறந்தால் முகம் அவிஞ்சுபோம். தள்ளுவம்." பட்டுவேட்டிக்காரர் எல்லாரும் மடிச்சுக்கட்டிக்கொண்டு தள்ள, தவில்காரர் அதுக்கேத்த தாளம் போட, நாதஸ்வரமும் ஒருவழியாய் விறுவிறெண்டு வாசிக்கத் தொடங்க, கார் சும்மா பறந்துது. நேரத்துக்குத் தாலி ஏறிச்சுது அண்ணை. எனக்குச் சந்தோசத்திலை கண் கலங்கிப்போச்சு.

நாதஸ்வரக்காரரைச் சபையிலை வைச்சே ஏசிப்போட்டன். பூரணத்தோடை ஒரு கிழமையாய்க் கதை பேச்சில்லை. கிணறு இறைக்கவும் ஆள் சொல்லியிருக்கிறன். காரிலை ஒரு கீறலும் இல்லை. நல்லூர்க் கந்தன் உங்களுக்குத் துணையிருக்க, பிள்ளையளை மனமார வாழ்த்துங்கோ.

இப்படிக்கு,
குற்றமற்ற தங்கள் தம்பி,
தம்பிராசா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போக, மருமகள் தயாளினி பொனற்றைத் திறந்துபோட்டு, "மாமா, ஃபான் பெல்ட் எங்கை?" எண்டு கேட்டாள். அது இல்லாட்டில் காத்தாடியும் சுத்தாது, தண்ணியும் ஓடாதாம். கலியாணத்துக்கெண்டு நீங்கள் அனுப்பின புதுப் பெல்ட்டைப் போட, பழசை முதல்நாள் நான்தான் கழட்டினனான். புதுசு வெளிநாட்டுச் சாமான், அழுக்குப்படும் எண்டு அலுமாரியிலை பட்டுச்சீலையளுக்கு நடுவிலை வைச்சனான். இப்பவும் அங்கைதான் கிடக்கு. நாதஸ்வரக்காரரிட்டை மன்னிப்புக் கேக்க வெளிக்கிட்டு நிக்கிறன், பெல்ட்டைப் பூட்டினால் தயாளினி கார் ஓடுவாள். பூரணம் அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பிலை செருகிக்கொண்டு சிரிக்கிறா. முதல் மன்னிப்பு தனக்காம்.