ஸ்பீக்கர் அண்ணை வாயை மூடிய காலை

தீவுப்பகுதி முழுவதிலும் இரகசியம் சொல்லத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் ஸ்பீக்கர் அண்ணைதான். தனக்குப் பிரஷர் கூடிவிட்டது என்று சரவணைக் கிராமத்தில் வைத்து என் காதோடு சொன்னார். அடுத்த நாள் பக்கத்து ஊரான சுருவிலில் ஒரு பெண் என்னை மறித்து, "அவருக்கு இப்ப எப்பிடி ரீச்சர்?" என்று கேட்டாள்.

கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில். நான் படிப்பிக்கும் முன்பள்ளிக்குப் பக்கத்து வளவில்தான் இருந்தார். காலையில் எல்லாப் பெட்டிகளையும் போட்டு, "ஹலோ, ஹலோ, ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று சோதிப்பார். என் பிள்ளைகள் எண்ணப் பழகியது பாதி என்னிடம், பாதி அவரிடம்.

அப்போதுதான் கபிலன் சேர்ந்தான். நாலு வயது. பேச்சு வரவில்லை. பெரிய சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கண் மண் தெரியாமல் ஓடுவான். சேர்ந்த மூன்றாம் நாள் அண்ணையின் "ஹலோ"வுக்குப் படலையைத் தாண்டி வீதிக்கே ஓடிவிட்டான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு துரத்திப் பிடித்தவரும் அண்ணைதான்.

"என்னாலயோ ரீச்சர் ஓடினவன்?"

"ஓம் அண்ணை."

மறுநாளிலிருந்து மனிதர் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். கேட்பதற்கு அங்கே மாடுகள் மட்டுமே. வளவில் மெல்லக் கதைக்கவும் முயன்றார். தொண்டை கட்டிவிட்டதாக்கும் என்று முன்வீட்டு அக்கா கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டா.

ஆனால் மற்றப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, ஓடுகிறவனின் பின்னால் நான் ஒருத்தி எத்தனை நாள் ஓடுவது? விசேட தேவையுள்ள பிள்ளைக்கு உதவி ஆசிரியை வைக்கக் கொடுப்பனவு உண்டு என்று அறிந்து விண்ணப்பித்தோம். தேவை தெளிவாக இல்லை என்று இரண்டு தரம் திரும்பி வந்தது. மூன்றாம் முறை நேரில் பார்க்க ஓர் உத்தியோகத்தர் வருவதாகச் சொன்னார்கள். அதுவும் சரிவராவிட்டால் கபிலனை வீட்டில் வைத்திருப்பதைத் தவிர வழியில்லை என்று அவன் தாய்க்குத் தெரியும்.

உத்தியோகத்தர் வந்தார். பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் ஒருவாறு அமர்ந்து ஒரு மணித்தியாலம் பார்த்தார். கபிலன் போத்தல் மூடிகளை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டே இருந்தான். தலை நிமிரவில்லை. அன்றைக்கென்று தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

"நல்ல அமைதியான பிள்ளையாயெல்லோ இருக்கிறார். இவருக்கு ஏன் ரீச்சர் உதவிக்கு ஆள்?"

பக்கத்தில் நின்ற கபிலனின் தாய் அழத் தொடங்கிவிட்டாள்.

அந்த அமைதியில் அவர் கேட்டது வெளியிலும் கேட்டிருக்க வேண்டும். வேர்க்க விறுவிறுக்க அண்ணை வாசலில் வந்து நின்றார். "சேர், ஒருக்கா வெளியில வாங்கோ" என்றார், மூச்சுக்காற்றாக. அந்த வாயிலிருந்து அப்படியொரு குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

நானும் பின்னால் போனேன். பாண் விற்கும் ஓட்டோ வழமையாகப் போடும் பாட்டை நிறுத்தி, இரண்டு பேர் அதைக் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள். மீன்காரர் ஹோர்ன் அடிக்காமல் நிற்க, முன்வீட்டு அக்கா விரலைக் காட்டிப் பேரம் பேசிக்கொண்டிருந்தா. மினிபஸ்ஸைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, அதன் கொண்டக்டர் நடந்துவந்து ஆட்களைக் கூட்டிப்போனான்.

"காலமை துவங்கி இப்பிடித்தான் நிக்கிறம் சேர். பிள்ளை உங்களுக்கு முன்னால பயந்து ஓடக் கூடாதெண்டு செய்தனான். இப்ப பாத்தா அதுவே பிழையாப் போச்சு. அந்தப் பிள்ளை ஒரு மணித்தியாலம் நிம்மதியா இருக்க இத்தனை பேர் வேண்டிக் கிடக்கு. எங்களால ஒவ்வொரு நாளும் ஏலாது. ஒரேயொரு ஆளைத் தாங்கோ."

உத்தியோகத்தர் மீன்காரரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இதை அப்பிடியே எழுதுறன் ஐயா" என்றார். எழுதினார்.

கொடுப்பனவு வந்தது. சுருவிலிலிருந்து ஓர் இளம் பெண் உதவி ஆசிரியையாக வந்தா. இப்போது பாண் ஓட்டோ பாட்டோடு போனாலும் கபிலன் ஓடுவதில்லை. அவாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேசைக்குக் கீழே இருப்பான். பாட்டு முடிந்ததும் வெளியே வருவான்.

போன மாதம் அண்ணை கண் ஒப்பரேஷனுக்கு மகள் வீட்டுக்குப் போனார். மூன்று கிழமை எங்கள் தெரு வெகு அமைதியாக இருந்தது. எனக்குத்தான் அது பிடிக்கவில்லை.