கழுகுக்கண்ணருக்கு ஒரு காதலர்

"காதலரைக் கொன்னுட்டீங்களே சார்," என்றார் பதிப்பகத்து அம்மா தொலைபேசியில்.

"துப்பறியும் கதைதானேம்மா," என்றார் எழுத்தாளர்.

"அறிமுகமான பக்கத்துலயே கொன்னா எப்படி? கழுகுக்கண்ணர் மேலதான் சந்தேகம் வருது."

கழுகுக்கண்ணர்தான் எழுத்தாளருக்குச் சோறு போடுபவர். ராஜா காலத்துத் துறைமுகப் பட்டணம் ஒன்றில் கூலிக்குத் துப்பறிபவர். நாவலுக்கு நாவல் இளவரசிகளும் நாட்டியக்காரிகளும் அவரைப் பார்த்து உருகினார்கள். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை. காதல் காட்சி எழுத எழுத்தாளருக்குக் கூச்சம், அவ்வளவுதான் விஷயம். வாசகர்களோ, கழுகுக்கண்ணர் தன்பாலீர்ப்பாளர்தானே, அதை ஏன் மூடி மறைக்கிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். யோசித்துப் பார்த்ததில் எழுத்தாளருக்கே அப்படித்தான் பட்டது. அடுத்த நாவலில் ஒரு காதலர் வருவார் என்று வீராப்பாக அறிவித்தும் விட்டார். கூச்சம் அங்கேயும் பின்னாலேயே வந்தது.

முதலில் கழுகுக்கண்ணருக்குப் பட்டு உடுத்தி, அத்தர் பூசிப் பார்த்தார். நகைக்கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று பதிப்பகத்திலிருந்து திரும்பி வந்தது. அடுத்து நிலவைப் பார்த்துப் பக்கம் பக்கமாக அழவிட்டார். சளி பிடித்தவர் மாதிரி இருக்கிறது என்று அதுவும் வந்தது. மூன்றாவதில்தான் இந்தக் கொலை.

"இன்னும் ஒரே ஒரு தடவை பாருங்க சார். சரிப்படலேன்னா கழுகுக்கண்ணரை நம்ம சமையல் புத்தகக்காரர்கிட்ட கொடுத்துடலாம். அவரும் ஆசையா கேட்டுட்டிருக்கார்."

எழுத்தாளர் உடனே கிளம்பினார். ஒரு ஆணைக் காதலோடு பார்ப்பது எப்படி என்று பழகிப் பார்க்க முடிதிருத்தும் கடைக்குப் போய், கண்ணாடியில் தெரிந்த கடைக்காரரை உருக்கமாக நோக்கினார்.

"கண்ணுல முடி விழுந்துடுச்சா சார்?" என்று கேட்டுக் கடைக்காரர் எழுத்தாளர் முகத்தில் தண்ணீர் அடித்தார்.

ஈரச் சட்டையோடு வீடு வந்தவரிடம் மனைவி சொன்னாள்: "ரெண்டு பேர் ரொம்ப நாளா ஒண்ணா இருந்தா எப்படி இருப்பாங்களோ, அதை எழுதுங்க. நம்மளையே பாருங்களேன்."

"நம்மகிட்ட என்ன இருக்கு? முதல்ல என் மூக்குக்கண்ணாடி எங்கேன்னு சொல்லு."

"தலையில."

கூடத்தில் வழக்கம்போல் சண்டை நடந்துகொண்டிருந்தது. எழுத்தாளரின் மாமனார் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், வீடு அவருடையது. எதிரே அவருடைய நண்பர், பல் டாக்டர். மனைவியை இழந்த மாமனாரும் கல்யாணமே செய்துகொள்ளாத டாக்டரும் தினமும் சதுரங்கப் பலகையை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். இதுவரை யாரும் ஜெயித்ததாகத் தகவல் இல்லை.

"வெறும் வயித்துல மாத்திரை போட்டியா?" என்றார் டாக்டர்.

"உனக்கு ஏன்யா அந்தக் கவலை? நேத்து மழையில நனைஞ்சுட்டு வந்தியே, நான் கேட்டேனா?"

"கேட்டே. விடிய விடிய போன் பண்ணிக் கேட்டே."

மாமனார் முணுமுணுத்துக்கொண்டே தன் சால்வையை எடுத்து டாக்டர் தோளில் போர்த்தினார்.

எழுத்தாளர் அறைக்குள் ஓடினார். மாத்திரையை லேகியமாக்கினார். போனைப் புறாவாக்கினார். ஸ்டேஷன் மாஸ்டரைக் கழுகுக்கண்ணராக்கி, பல் டாக்டரை அரண்மனை வைத்தியராக்கினார். சதுரங்கத்தையும் சால்வையையும் அப்படியே விட்டுவிட்டார்.

"படிச்சு அழுதுட்டேன் சார்," என்றார் பதிப்பகத்து அம்மா. புத்தகம் வெளிவந்தது.

மனைவி அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எங்கப்பாவையும் டாக்டர் மாமாவையும் காதலர்களா ஆக்கிட்டீங்களே. அப்பா படிச்சா நம்மளை வீட்டை விட்டுத் துரத்திடுவார்."

எழுத்தாளர் அவசரமாகப் புத்தகத்தை அரிசி டப்பாவுக்குள் புதைத்தார். சமைக்கப் போன மாமனார் அதைத் தோண்டி எடுத்தார். படிக்க ஆரம்பித்ததும் பிடுங்கிக்கொண்டு, அச்சுப்பிழை இருக்கிறது, திருத்தித் தருகிறேன் என்றார் எழுத்தாளர். அப்படியென்ன பிழை என்று மாமனாருக்கு ஆவல் பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் சொல்லி வேறு பிரதி வாங்கிவரச் செய்து, இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார்கள். அன்று சதுரங்கம் நடக்கவில்லை.

மறுநாள் மாமனாரிடமிருந்து அழைப்பு வந்தது. எழுத்தாளர் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுத்தான் போனார். மனைவியும் பின்னால் வந்து நின்றாள்.

மாமனாரின் கண் சிவந்திருந்தது. கை புத்தகத்தின் மேல் இருந்தது.

"யார் சொன்னாங்க மாப்ளே?"

"யாரும் சொல்லல மாமா. நானா எழுதினதுதான். தப்புதான், அடுத்த பதிப்புல எடுத்துடறேன்."

"எடுக்க வேணாம். யார் சொன்னான்னு மட்டும் சொல்லுங்க."

"சத்தியமா யாரும் சொல்லல மாமா."

மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டரைப் பார்த்தார். டாக்டர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னார்:

"எங்க ரெண்டு பேருக்குமே சதுரங்கம் ஆடத் தெரியாதுங்கறதை எட்டு வருஷமா கண்டுபிடிக்காத மனுஷன், நாங்க எதுக்காக ஆடறோம்கறதை மட்டும் எப்படிய்யா கண்டுபிடிச்சார்?"