டெல் குபிசெக்குக்குக் குறைந்த ஒரு ஓட்டு

பிரேரி பெண்ட், அயோவா
ஜனவரி 19, 1987

அன்புள்ள மைத்துனர் திரு. லோவெல் ஹாஸ்கின்ஸ் அவர்களுக்கு, எம்மெட் டிராக்ஸ்லர் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் அக்கா எட்னாவும் நலம். அங்கே தாங்களும் தங்கள் பத்திரிகையும் நலமாயிருக்க வேண்டும் என்று எழுதுவது முறை என்பதால் எழுதுகிறேன்.

விஷயம், டெல் குபிசெக். நம் நதிக்கரை பேஸ்பால் லீக்கில் பத்தொன்பது வருஷம் பந்து வீசிய மனிதருக்குப் புகழ் மண்டபத்தில் நுழைய இந்த வருஷம்தான் கடைசி வாய்ப்பு. நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் நாற்பத்தெட்டுப் பேரில் முப்பத்தாறு பேர் ஓட்டுப் போட வேண்டும். தேர்வானால் போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குள் போன் வர வேண்டும். நாங்கள் சிலர் அவர் வீட்டில் கூடியிருந்தோம்; எட்டு மணிக்கே டை கட்டிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எட்டேகாலுக்கு மணி அடித்தது, எழுந்து நின்று டையைச் சரிசெய்துகொண்டு எடுத்தார், இன்சூரன்ஸ் விற்கிறவன். ஒன்பதுக்கு அடித்தது, மறுபடி எழுந்து நின்றார், சர்ச்சிலிருந்து மடக்கு நாற்காலி கேட்டார்கள். ஒன்பது ஐம்பதுக்கு அவர் தங்கை, "அண்ணே, கூப்பிட்டாங்களா?" என்று கேட்க, "நீ போனை வச்சாத்தானே கூப்பிடுவாங்க" என்று அதட்டினார். அவர் அதட்டி நான் பார்த்ததே இல்லை. பதினொன்றரைக்குச் செயலாளர் கூப்பிட்டார். முப்பத்தைந்து ஓட்டு. "சரிங்க, ரொம்ப நன்றிங்க" என்று வைத்துவிட்டு, டையைக்கூடக் கழற்றாமல் எங்களுக்கெல்லாம் கேக் வெட்டிக் கொடுத்தார். என் துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

போடாத பதின்மூன்று பேரில் தாங்களும் ஒருவர் என்பதை நேற்று ஞாயிறு விருந்தில் தாங்களே திருவாய் மலர்ந்தருளினீர்கள். "நூத்தித் தொண்ணூத்தெட்டு வெற்றிதான், அத்தான். இருநூறு இல்லையே" என்றாய், மாட்டுக்கறியை மென்றுகொண்டே. ஏம்ப்பா லோவெல், இருநூறுங்கிறது யார் போட்ட கோடு? அந்த ரெண்டு எங்க போச்சுன்னு நான் சொல்றேன் கேளு. ஒண்ணு, கைக்கு வந்த பந்தைக் கீழ போட்டுட்டு ஒருத்தன் வானத்தைப் பாத்து நின்னானே, அதுல போச்சு. இன்னொண்ணு, ஜெயிச்சிட்டிருந்த ஆட்டத்துல இவரை வெளிய கூப்பிட்டு வேற ஒருத்தனை இறக்கினாங்களே, அதுல போச்சு. நீ அவர் பேரை ரெண்டு தடவை தப்பா அச்சடிச்ச, அவர் ஒரு வார்த்தை கேட்டாரா? பேருக்குப் பக்கத்துல ஒரு சின்னக் குறி போட்டா உனக்குக் கை சுளுக்கிக்குமா? நீ காலியா விட்டது கட்டத்தை இல்லடா, ஒரு மனுஷனோட நாற்பது வருஷக் கனவை.

குழந்தைகளுக்கு ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு. உனக்கு ஒன்றும் இல்லை.

உன் அத்தான்,
எம்மெட்

பி.கு.: உறையை ஒட்டும் முன் இதைப் படித்த எட்னா, "நீங்க போட்டீங்கல்ல?" என்றாள். எதிரணியை ஒரு அடிகூட அடிக்கவிடாமல் ஒருவர் எட்டாவது இன்னிங்ஸ் வரை வந்துவிட்டால், கெட்டுப்போகும் என்று அதைப் பற்றி யாரும் பேச மாட்டோம், பக்கத்தில்கூட உட்கார மாட்டோம், உனக்குத் தெரியாததில்லை. ஒன்பது வருஷம் நான் குறி போட்டேன், அவர் தேறவில்லை. போன வருஷம் முப்பத்துநாலு வரை வந்துவிட்டார். என் ராசி எதற்கு, மற்றவர்கள் போட்டுக்கொள்வார்கள் என்று இந்தத் தடவை காலியாக விட்டுவிட்டேன். ஆகவே மேலே 'நீ' என்று வரும் இடத்திலெல்லாம் 'நாம்' என்று திருத்திப் படித்துக்கொள். டெல் இப்போது என் வீட்டு வாசலில் பனியை வாரிக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லப் போனேன். "இருக்கட்டும் எம்மெட், நீயாவது போட்டியே" என்கிறார்.